ஷெட்டில் ஹெரால்டு நிற்கும் வீட்டாருக்கு



உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டு நிலவரம் ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். காரை வாங்கியவர் இப்போது இல்லை, அல்லது எண்பதைத் தாண்டிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் கடல் தாண்டி. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. பொங்கலுக்கோ திவசத்துக்கோ எல்லாரும் கூடும்போது, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் ஆரம்பிக்கிறார்: “அந்த வண்டியை என்னதான் பண்றது?” மாப்பிள்ளை ஒருவரிடம் புரோக்கரின் நம்பர் இருக்கிறது.

அந்த நம்பருக்குப் பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விற்கவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எங்கள் வீட்டிலும் ஒரு ஹெரால்டு இருந்தது, 1991ல் விற்றோம். விற்பதற்கு அன்று நாங்கள் சொல்லிக்கொண்ட காரணங்கள் அத்தனையும் நியாயமானவை. உதிரிபாகம் கிடைக்கவில்லை, அக்கா கல்யாணம் வந்தது, மாருதி வந்தது. ஆனால் சில வருஷங்களில் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. வண்டி மட்டும் திரும்பி வரவில்லை. நீங்களும் அதே மாதிரியான காரணங்களைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஷெட்டில் நிற்பது என்ன என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம். ஏதோ இங்கிலீஷ் கார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது வண்டலூரில் பிறந்த வண்டி. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் சென்னையில் தொடங்கப்பட்ட கம்பெனி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் குர்லாவில் ஃபியட், சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்ட். மாருதி வரும்வரை இந்த நாட்டில் ஒருவர் கார் வாங்குகிறார் என்றால் அநேகமாக இந்த மூன்றில் ஒன்று. இன்றைக்குச் சென்னையைக் கார் நகரம் என்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998ல். வண்டலூரில் அதற்கு ஏறத்தாழ ஐம்பது வருஷம் முன்பே கார் பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வான்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வந்து, 1961ல் ஹெரால்டு வந்தது.

இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு, 1959ல் வெளியானது. இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த உருவம். அந்த நாளில் மற்ற கம்பெனிகள் சாஸியும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனிக்கு அது முடியவில்லை. அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வளைத்துப் போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் தனியாக ஒரு சாஸி செய்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கு வந்த சங்கடம் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு யோகமாக முடிந்தது. இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால், பானட்டும் மட்கார்டும் ஹெட்லைட்டும் மொத்தமாக முன்னால் மடிந்து திறந்துகொள்ளும். இன்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே. மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளுக்கும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளுக்கும் அளவெடுத்துச் செய்தது போல.

1968ல் வந்த மூன்றாவது மாடலுக்கு நான்கு கதவு. உங்களில் நிறையப் பேரிடம் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்: ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தில் நான்கு கதவு வைத்த ஹெரால்டு கிடையவே கிடையாது. அது இங்கே, நம் குடும்பங்களின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்தது. அதே போல, ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963ல் இங்கிலாந்தில் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் பொறித்த கார்கள் அதற்குப் பிறகு வந்தது சென்னையிலிருந்து மட்டும்தான். 1970களில் ஹெரால்டு கெசல் ஆனது. பிறகு கார் உற்பத்தியே நின்றது. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று, இங்கிலாந்து ரோவரின் அழகான உடம்புக்குள் பழைய வான்கார்டு இன்ஜினைத் திருத்திப் பொருத்தி ஒரு வண்டி விட்டார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. 1988ல் உற்பத்தி அடியோடு முடிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். சித்திரை வெயிலில் மேட்டில் ஏறினால் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆரம்பகால ஹெரால்டுகளில் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. பின் சீட்டில் மூன்று மாமிகள் ஏறினால் பின் சக்கரங்கள் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி பின்பக்கமாக நழுவப் பார்க்கும். 948 சிசி இன்ஜின், அவ்வளவுதான் ஓடும். ஆனாலும் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் இளைஞர்கள் ஹெரால்டைத் திருத்தி ஓட்டினார்கள். இன்றைக்கு ஷெட்டில் பரிதாபமாக நிற்கிற வண்டிக்கு அப்படியும் ஒரு வாலிபம் இருந்தது.

எங்கள் அப்பா திருச்சியில் கல்லூரி ஆசிரியர். 1970களின் நடுவில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய வண்டி. 1968 மாடல், நாலு கதவு, வெளிர் சாம்பல் நிறம். புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆசிரியர் சம்பளத்துக்கு செகண்ட் ஹேண்டே பெரிய விஷயம். பாலக்கரையில் ஒரு மெக்கானிக் இருந்தார், எங்களுக்கு அவர் பாய், அவருக்கு அப்பா சார். அப்பாவுக்குக் காரை ஓட்டுவதைவிட அதன் பானட்டைத் திறப்பதில்தான் ஆசை அதிகம் என்று அம்மா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை பானட் திறந்ததும் ஒவ்வொருவராக வருவார்கள். எதிர்வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீராவி இன்ஜினை வைத்தே எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வார். பாய் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் இந்திரா காந்தி, கிரிக்கெட், காவிரித் தண்ணீர் எல்லாம் பேசி முடிந்திருக்கும். காபி கொண்டுபோய்க் கொடுத்தே அக்காவுக்கு அலுத்துப்போனது.

விற்ற கதை சாதாரணமானது. புரோக்கர் ஒருவர், தெற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பார்ட்டி, பையனுக்குப் பழைய கார் என்றால் பைத்தியம் என்றார்கள். வந்த தொகை கல்யாணத்தில் பந்தல்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அப்பா படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெயர் மாற்றுவதை “நாங்க பாத்துக்கறோம் சார்” என்று புரோக்கர் சொன்னார். டெலிவரி நோட்டில் மட்டும் வாங்கியவரின் கையெழுத்தை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், நல்ல வேளை.

பிறகு மாருதி 800 வந்தது. நல்ல கார், குறை சொன்னால் வாய் வெந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், ஏசி இருந்தது, கொடைக்கானல் மலையில் நிற்காமல் ஏறியது. அதன் பானட்டை அப்பா திறந்து நான் பார்க்கவில்லை. திறக்க ஒன்றும் இல்லை. தேதி வந்தால் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்புவார். ஃபிட்டர் சில ஞாயிற்றுக்கிழமைகள் வழக்கம் போல கேட்வரை வந்தார், பேப்பர் வாங்கிக்கொண்டு போனார். பாய் கடையில் டூ வீலர்கள் நிற்க ஆரம்பித்தன. வண்டியை விற்றபோது இத்தனையும் சேர்த்து விற்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கெல்லாம் புரோக்கர் விலை வைக்கவும் இல்லை.

சில வருஷம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அப்பா பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. திண்டுக்கல் சாலையில் விபத்து, யாரோ ஒருவருக்குக் கால் முறிவு, ஓட்டியவர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டார். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது, ஒருவரும் பெயர் மாற்றவில்லை. அப்பாவுடன் நானும் போனேன். நிலையத்து வளாகத்தில், மணல் லாரிக்கும் நசுங்கிய டெம்போவுக்கும் நடுவில் நின்றது. பானட்டைக் காணோம். சக்கரங்கள் இல்லை. யாரோ அடித்த சிவப்பு பெயின்ட்டுக்குக் கீழே எங்கள் சாம்பல் நிறம் அங்கங்கே தெரிந்தது.

டெலிவரி நோட்டைப் பார்த்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். “சார், ரெக்கார்டுப்படி இது இன்னும் உங்க வண்டிதான். கோர்ட்டுல மனு போட்டீங்கன்னா எடுத்துக்கிட்டுப் போகலாம்” என்றார். அது சட்டப்படி சரிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆவது பிரிவு அதற்காகவே இருந்தது; கைப்பற்றிய வண்டிகளை நிலையத்தில் போட்டு மக்கவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் பின்னால் 2002ல் சொன்னது. அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். சாஸியைக் குனிந்து பார்த்தார். பிறகு, இந்த வண்டியை நான் விற்றுவிட்டேன், இதில் எனக்கு உரிமை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கிலிருந்து அவர் பெயர் கழன்றது. வண்டி ஏலத்தில் கண்டமாகப் போனது.

அவர் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. வெகு நாள் கழித்து, ஃபிட்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னது என் காதில் விழுந்தது. “மொத தடவை வித்தது சரிதான்யா, பொண்ணு கல்யாணம். ரெண்டாவது தடவை எழுதிக் குடுத்துட்டு வந்தேன் பாரு, அதுதான்.”

விற்று வருந்துவதைப் பற்றிப் பேசினால் உடனே அதைப் பழசின் மீதான மயக்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்பாவிடம் அந்த மயக்கம் கிடையாது. அவர் கணக்கு ஆசிரியர். அன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சாஸி வளையவில்லை என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். செய்திருக்கலாம், கணக்கு சரியாக வந்திருக்கும், செய்யவில்லை. அவர் வருத்தம் அந்தக் கணக்கின் மீதான வருத்தம். அதனால் உங்களிடமும் கணக்காகவே பேசுகிறேன்.

உதிரிபாகம் கிடைக்காது என்பார்கள். 1991ல் அது உண்மை. இன்று அப்படியில்லை. ஹெரால்டு இன்ஜினின் வம்சத்தை இங்கிலாந்தில் 1980வரை வேறு வேறு கார்களில் பொருத்தி விற்றார்கள், ஸ்பிட்ஃபயர், எம்.ஜி. மிட்ஜெட் உட்பட. அந்த வண்டிகளை அங்கே ஆயிரக்கணக்கானோர் இன்னும் ஓட்டுகிறார்கள். கேஸ்கட்டிலிருந்து கிளட்ச்வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள், கூரியரில் வருகிறது. செலவு உண்டுதான். கிடைக்காமல் போவது நம்மூர் நான்கு கதவு மாடலின் பின் கதவு, அதன் கண்ணாடி, பீடிங், இந்த மாதிரிச் சாமான்கள். அதற்கு உலகத்தில் எங்கும் மாற்று இல்லை, இன்னொரு நான்கு கதவு ஹெரால்டை உடைத்தால்தான் உண்டு. உங்கள் வண்டியைத் தேடி வருகிறவர்களில் சிலர் வருவது அதற்காகத்தான் என்பதை மறக்காதீர்கள்.

பெட்ரோலைப் பற்றிச் சொல்வார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோடு போயிற்று. இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் ட்யூபையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் எத்தனால் அரிக்கும் என்பது மெய். ட்யூபை மாற்றுங்கள், எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் போடுங்கள், இன்ஜினைப் பிரிக்கும்போது வால்வ் சீட்டைக் கடினமானதாக மாற்றிவிடச் சொல்லுங்கள். இதற்காக யாரும் காரை விற்க வேண்டியதில்லை.

காகிதம்தான் பெரும்பாலோரைப் பயமுறுத்துகிறது. டில்லியில் பழைய வண்டிகளுக்கு நடந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு இங்கும் பதினைந்து வருஷத்தோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தடை கிடையாது. எஃப்.சி. பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு அதன் பிறகு இன்னும் கூட்டினார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் இன்னொன்றையும் செய்திருக்கிறார்கள், அதை உங்களிடம் எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் தாண்டிய, உருமாற்றாமல் வைத்திருக்கிற வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு, மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்தால் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் சாலைக்கு வரலாம். மாதம் ஒருமுறை சூடு காட்டுவதோடு சரி என்று வைத்திருக்கிற உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்? ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டிகளுக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. இவ்வளவு காலம் காத்துவிட்டு, சட்டம் உங்கள் பக்கம் திரும்பிய நேரத்தில் விற்பது என்ன கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் புரியவில்லை.

இடம் இல்லை என்பது மட்டும் நிஜமான பிரச்சினை. பில்டரிடம் பேரம் நடக்கும்போதே கார் நிறுத்த இன்னொரு இடம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அப்புறம் கேட்டால் கிடைக்காது.

விற்ற ஹெரால்டுகள் எங்கே போகின்றன என்று கொஞ்ச நாள் விசாரித்தேன். சில நல்ல கைகளுக்குப் போகின்றன, மறுக்கவில்லை. சில சென்னைப் புதுப்பேட்டையில், வண்டி உடைக்கும் கடைகளில் முடிகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தின் வாசலில் ஒன்றைப் பார்த்தேன். இன்ஜினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண் கொட்டி ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். புதுப்பேட்டையாவது மேல் என்று சொல்வேன். அங்கே உடைத்த பாகம் இன்னொரு ஹெரால்டை ஓட வைக்கும்.

பெரியவர்களின் கார்களுக்கு இந்தக் கவலை இல்லை. எம்.ஜி.ஆரின் அம்பாசடர், டி.எம்.எக்ஸ். 4777, தி. நகர் நினைவு இல்லத்தில் இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி 12,000 ரூபாய் ஃபியட்டுக்கு வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அவர் இறந்த பிறகு அந்தக் கடனை மனைவி லலிதா தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அந்தக் கார் டில்லியில் அவர் நினைவகத்தில் நிற்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் ஒரு கார் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். ஆனால் வசதி இருந்தால் மட்டும் போதாது. சச்சின் டெண்டுல்கரின் முதல் கார் மாருதி 800. அது இப்போது தன்னிடம் இல்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், திரும்ப வேண்டும் என்று 2020ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே கேட்டார். அவரால் எந்தக் காரையும் வாங்க முடியும், அதை மட்டும்தான் வாங்க முடியவில்லை. அதே மாருதி 800ன் முதல் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியிடமிருந்து வாங்கிய டில்லிக்காரர் ஹர்பால் சிங் சாதாரண உத்தியோகஸ்தர். 2010ல் சாகும்வரை அவர் அதை விற்கவில்லை. அவர் இறந்த பின், வீட்டு வாசலில் மக்கிக்கொண்டிருந்த அந்த வண்டியைக் கம்பெனியே பிறகு சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்தது.

வண்டலூர் வண்டிக்கு அப்படிச் செய்ய இன்று கம்பெனி கிடையாது. வாத்தியாரும் டாக்டரும் வக்கீலும் ஓட்டிய காருக்கு நினைவு இல்லமும் கட்ட மாட்டார்கள். உங்கள் ஷெட்தான் இருக்கிறது.

வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். காற்றுப் போகிற துணியே போதும். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சாஸியின் ஓரக் கைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், ஹெரால்டுக்கு நோய் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்; விண்டேஜாகப் பதியாத வண்டி என்றால் தெருமுனைவரையாவது போய் வாருங்கள். பானட்டைத் திறந்தே வைத்துப் பாருங்கள், யாராவது வருவார்கள்.

உங்கள் அப்பா இறந்தும் ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்தால் படிவம் 31 கொடுத்து, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட்டு, ஒருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பாகப் பிரிவினையில் வீட்டை எழுதுகிறோம், நகையை எழுதுகிறோம், காரை யாரும் எழுதுவதில்லை. பிறகு அதை வைத்தே அண்ணன் தம்பி பேசாமல் போகிறார்கள்.

விற்றே தீர வேண்டும் என்றால் விற்றுவிடுங்கள், உங்கள் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் வாங்குகிறவரின் ஷெட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு விற்றுவிடுங்கள். படிவம் 29, 30 இரண்டையும் புரோக்கர் கையில் கொடுக்காமல் நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள், அதே மாநிலத்துக்குள் என்றால் விற்ற பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாதவரை விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. எங்கள் அப்பாவை அன்று ஒரு டெலிவரி நோட்டும் நல்ல இன்ஸ்பெக்டரும் காப்பாற்றினார்கள், உங்களுக்கு இரண்டும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. பரணில் கிடக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டில், பழைய டைனமோ, கையேடு எல்லாவற்றையும் வண்டியோடு கொடுத்துவிடுங்கள். மெக்கானிக் இருந்தால் அவரையும் அறிமுகப்படுத்துங்கள். திரும்ப விற்பதானால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் அதற்குப் பெரிய பலம் இருக்காது. நல்ல மனிதர்களிடம் இருக்கும்.

இன்னும் ஒன்று, இது என் சொந்த வேண்டுகோள். மாப்பிள்ளையிடம் இருக்கும் புரோக்கர் நம்பருக்குப் பேசும் முன், ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொரு வீட்டாரிடம் பேசுங்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து ஊரில் நிச்சயம் இருப்பார்கள். பழைய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் விலாசம் சொல்வார்.

இப்படிக்கு,
ஹெரால்டை விற்ற வீட்டுக்காரன்
திருச்சிராப்பள்ளி